எடையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால்

முதல் இடத்தில் ராபின்சன். அதில் பேச்சே கிடையாது. சுகர் ரே ராபின்சனை முதல் இடத்திலிருந்து இறக்குகிறவன் குத்துச்சண்டையைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. இரண்டாவது ஹென்றி ஆம்ஸ்ட்ராங், ஒரே சமயத்தில் மூன்று எடைப் பிரிவுகளின் பட்டத்தையும் வைத்துக்கொண்டிருந்த மனுஷன். மூன்றாவது அலி. நான்காவது என்று வந்ததும் அருளப்பனின் மனசு கழன்ற சைக்கிள் செயின் மாதிரி வெறுமனே சுற்றியது, பெடலை மிதிக்கிறான், மிதிக்கிறான், வண்டி நகரவில்லை, ஏனென்றால் மடியில் அந்தத் தாள் இருந்தது, நர்ஸம்மா கொடுத்த இரண்டு பக்கத் தாள், அதில் ஏழாவது கேள்வி காலியாக இருந்தது. பெயர் எழுதியாயிற்று, தேசிங்கு. வயது அறுபத்து நான்கு. சர்க்கரை உண்டு. ரத்தக் கொதிப்பு இல்லை. குடி, எப்போதோ விட்டாயிற்று. உடன் வந்தவர், அருளப்பன், நண்பர். அதுவரை பேனா ஒழுங்காகத்தான் ஓடியது. ஏழாவதில் நின்றது. தலையில் எப்போதாவது அடிபட்டு நினைவிழந்தது உண்டா, உண்டென்றால் எப்போது, எப்படி. தொண்ணூற்றெட்டு கிலோ ஆள், இன்னும் தெருவில் நடந்தால் ஆட்டோக்காரன் ஒதுங்கி வழி விடுகிற உடம்பு, ஒரு ரூபாய் மதிப்பு பெறாத பேனாவைத் தூக்க மாட்டாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தேசிங்கு சுவரில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, நரம்பியல் வெளிநோயாளிப் பிரிவின் மின்விசிறியை ஏதோ எதிராளியைப் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். டோக்கன் எழுபத்து நான்கு. உள்ளே போயிருப்பது அறுபத்தொன்று. நிறைய நேரம் இருக்கிறது, நான்காவது இடத்தை முடிவு செய்ய.

நான்காவது இடத்துக்கு எப்போதுமே சண்டைதான். அருளப்பன் வில்லி பெப் என்பான், ஃபெதர்வெயிட், எதிராளியின் கை காற்றைத்தான் குத்தும், அவன் அங்கே இருக்க மாட்டான். தேசிங்கு ஜோ லூயிஸ் என்பான், ஹெவிவெயிட், பட்டத்தைக் கையில் வாங்கியவன் பன்னிரண்டு வருஷம் வரை கீழே வைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் எண்பத்தொரு கிலோவில் சண்டை போட்ட அருளப்பனுக்குச் சின்ன ஆட்களைத்தான் பிடிக்கும், ஐம்பத்து நான்கு கிலோவில் நின்ற தேசிங்குக்குப் பெரிய ஆட்களைத்தான் பிடிக்கும். டீக்கடைக்காரர் கூட ஒரு தரம் கேட்டுவிட்டார், உங்க பட்டியலை ரெண்டு பேரும் மாத்தி எழுதிட்டீங்களா என்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அருளப்பன் நேராக அந்த டீக்கடைக்கு வருவான், தேசிங்கு வீட்டு நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வந்திருப்பான், ராகுகாலம் எமகண்டம் அச்சடித்த பக்கத்துக்குப் பின்னால் ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டு, உலகத்து எல்லா எடைப் பிரிவுகளிலும் சேர்த்து தலைசிறந்த பத்துப் பேர். முப்பது வருஷமாக இந்தக் கூத்து. ஒரே ஒரு சட்டம், எடையைத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சட்டத்தைத் தேசிங்கு விளக்குகிற அழகே தனி. அவனுக்கு லாரி எடை மேடையில் வேலை, திருவொற்றியூர் போகிற வழியில், தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து சரக்கு லாரிகளை நிறுத்துச் சீட்டுக் கொடுக்கிற வேலை. "காலி லாரிக்கு ஒரு எடை கீதுல்ல, அத்த கழிச்சாத்தானே சரக்கு இன்னா எடைன்னு தெரியும். அதே மாதிரிதாம்பா. ஒடம்ப கழிச்சிடு. மிச்சம் இன்னா நிக்கிதோ அதான் பாக்ஸர்." சொல்லிவிட்டு டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பான். உடம்பைக் கழித்துவிடு. காகிதத்தில் கழித்துவிடலாம். அருளப்பனுக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் டீ கசந்திருக்கிறது, சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரைக் கோபித்துக்கொண்டிருக்கிறான்.

முதலில் கண்டுபிடித்தது அருளப்பன்தான். போன ஆனி மாசமா, ஆடியா, ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாளில் அலி மூன்று இடத்தில் இருந்தார், மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவது. "ஏண்டா, அலிக்குக் கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரா?" என்று கேட்டுச் சிரித்தான். தேசிங்கும் சிரித்தான், ஆனால் சிரிப்பு ஒரு நொடி பிந்தி வந்தது, தாளைப் பார்த்து, அருளப்பனைப் பார்த்து, பிறகு சிரித்தான். அந்த ஒரு நொடியை அருளப்பன் வீட்டுக்கு எடுத்துப் போனான், மனைவி ஸ்டெல்லா வைத்த மீன் குழம்பில் உப்பில்லை என்பது கூடத் தெரியாமல் தின்றான். ரிங்கில் அந்த ஒரு நொடிதான் எல்லாம். எதிராளி அடியைப் பார்த்த பிறகும் அவன் கை எழும்பாவிட்டால், தெரிந்துவிடும், உள்ளே கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அப்புறம் எடை மேடையில் ஒரு லாரியை இரண்டு தரம் நிறுத்துச் சீட்டுக் கொடுத்தான் என்றார்கள். வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் மார்க்கெட்டில் நின்றான் என்றார்கள். சுகுணா வந்து அழுதாள். தேசிங்கின் ஒரே மகள், ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மேற்பார்வை, ஒரு நாள் லீவு கேட்டால் மேனேஜர் முகம் கோணுகிற வேலை. "பெரியப்பா, நீங்க கூட்டிம் போங்க. எனக்கு நீங்க போனா நான் போன மாதிரி. அவருக்கு இன்னா ஆச்சு ஏது ஆச்சுன்னு நம்மள்ல உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்." எல்லாம் தெரியும். கல்யாணத்தில் அவளுக்குத் தாய்மாமன் முறைக்கு ஆள் இல்லை என்று அருளப்பன்தான் மாலை எடுத்துக் கொடுத்தான். அவள் கோபித்துக்கொண்டால் ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு போய் சமாதானம் செய்கிற ஆள். அவளுக்கு எந்தப் பெரியப்பாவும் இல்லை, இவன்தான். ஐந்தாவது டுரான், ஆறாவது பாக்கியாவ், எட்டு எடைப் பிரிவுகளில் பட்டம், எட்டு, யோசித்துப் பார்த்தாலே தலை சுற்றும். நான்காவதைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தான். போக முடியவில்லை.

தாண்டவே முடியாத ஒரு சாயங்காலம் அது, நாற்பது வருஷம் ஆகியும். ராயபுரத்தில் ஒரு சாராயக் கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரைக் கிளப், கிருபாகரன் மாஸ்டர், மூட்டையில் மணல், ஒரே ஒரு தலைக்கவசம், அதுவும் வார் அறுந்தது. எண்பத்தொரு கிலோவில் அந்தக் கிளப்பில் அருளப்பனைத் தவிர நாதி கிடையாது. பயிற்சிக்கு யாரோடு நிற்பது? பெரியவனும் சின்னவனும்தான் நிற்க வேண்டும், அதற்கென்று கிளப்பில் ஒரு வழக்கம், பெரியவன் அரை பவர்தான் போட வேண்டும், சின்னவன் முழுசாகப் போடலாம். மாஸ்டர் மணியடிக்கும் முன்னால் "அரை பவர்" என்று கத்துவார், பெரியவன் கையுறையைத் தூக்கிக் காட்டித் தலையாட்ட வேண்டும், சத்தியம் பண்ணுகிற மாதிரி. தேசிங்குதான் எப்போதும் முன்வருவான். மற்ற சின்னவர்கள் அருளப்பனைக் கண்டாலே கழிப்பறைக்குப் போய்விடுவார்கள், இவன் மட்டும் வாடா குண்டா என்று கயிற்றைத் தாண்டி உள்ளே குதிப்பான். அன்றைக்கு ஒரு சரக்குக் கம்பெனி அதிகாரி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கம்பெனி அணிக்கு ஆள் எடுக்க, எடுத்தால் நிரந்தர வேலை. தேசிங்குக்குப் பத்து நாளில் வேறொரு தேர்வு, எடை குறைக்க இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லை, கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் அன்றைக்கு அவன் ஆடினானே, அடடா, அந்த ஆட்டத்தை அருளப்பன் அப்புறம் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. தொட்டுவிட்டுப் போனான். மூக்கில் ஒன்று. விலாவில் இரண்டு. திரும்புவதற்குள் காதுப் பக்கம். பையன்கள் எண்ண ஆரம்பித்தார்கள், ஒம்போது, பத்து, பதினொண்ணு. அதிகாரி சிரித்துக்கொண்டே மாஸ்டரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது, இந்தச் சின்னப் பையனுக்கே வேலையைக் குடுத்துடலாம் போலிருக்கே. அந்தச் சிரிப்பு கேட்டது, வீட்டில் படுத்திருந்த அப்பாவின் இருமல் கேட்டது, தங்கச்சிகள் இரண்டு பேர், பிறகு எதுவும் கேட்கவில்லை, இடது கை கிளம்பியது. அது அரை பவர் இல்லை.

அது ஃபுல் பவர், ஆண்டவரே. தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் சேர்ந்து வந்த கை. நெற்றிப்பொட்டில் விழுந்ததும் கையுறைக்குள்ளேயே தெரிந்துவிட்டது, தேசிங்கு விழுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. விழுந்தவன் மூன்று நிமிஷம் கண் திறக்கவில்லை, நான்கும் இருக்கலாம், அந்த நேரத்தைக் கடிகாரத்தால் அளக்க முடியுமா என்ன. தண்ணீர் தெளித்தார்கள், வெங்காயம் நசுக்கி மூக்கில் வைத்தார்கள். மாஸ்டர் அருளப்பனின் முகத்தைப் பார்த்துக் கேட்டார், எவ்ளோடா போட்ட? "அரை பவர்தான் மாஸ்டர்." இவ்வளவுதான் சொன்னது. மூன்று சொல். பட்டினி கிடந்து வந்திருக்கான், அதான் தாங்கல, என்று மாஸ்டரே காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், கண் திறந்த தேசிங்கும் ஒப்புக்கொண்டான். அதிகாரி அருளப்பன் பெயரை எழுதிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துத் தேர்வுக்குத் தேசிங்கு போகவில்லை, எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றான். பிறகு இரண்டு வருஷம் ஏதோ ஆடினான், அதற்கப்புறம் எடை மேடை. இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. பையன்கள் சும்மா விடுவார்களா, பெயர் வைத்துவிட்டார்கள், அரை பவர் தேசிங்கு. அரை பவருக்கே சுருண்டவன். தெருவில், டீக்கடையில், கல்யாணப் பந்தலில், இன்னா அரை பவரு சௌக்கியமா. அவனும் சிரிப்பான். அருளப்பனும் கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அடியைவிட மோசம், இது அருளப்பனுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. ஒரு தவக்காலத்தில் மனசு தாங்காமல் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டான். திரைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார், விளையாட்டுலதானே மகனே? பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். மூன்றே மூன்று. வெளியே வந்த அருளப்பனுக்கு ஏமாற்றிவிட்டு வந்த மாதிரி இருந்தது, சாமியாரையா, கடவுளையா, தெரியவில்லை. அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு, என்று நர்ஸம்மா கூப்பிட்டார்.

"டேய் அருளு, இவுங்கல்லாம் யாரு?" என்றான் தேசிங்கு. எதிர் வரிசையில் காத்திருக்கிறவர்களைத்தான் கேட்கிறான். நோயாளிங்கடா, டாக்டரைப் பாக்க வந்தவங்க. "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" உனக்குத்தான் என்று சொல்ல நாக்கு வரவில்லை. எனக்குத்தாண்டா, என்று சொல்லிவிட்டான். தேசிங்கு திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தான், எடை மேடைக்காரன் பார்வை, பிறகு "அதுக்கு ஏன் இவ்ளோ பயப்புடுற, சொம்மா இரு, நான் கூட கீறேன்ல" என்று அருளப்பனின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். இடது கை. பார்த்துப் பார்த்து இடது கையைத்தான் பிடிப்பானா மனுஷன். சில மாசமாகவே சாலையைத் தாண்டும்போதெல்லாம் இந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்கிறான், பெருவிரலைச் சுற்றி நான்கு விரலும் இறுக்கி. அருளப்பன் கையை அசைக்காமல் வைத்திருந்தான். பேனா வலது கையில் இருக்கிறது, எழுதிவிடலாம், இல்லை என்று எழுதினால் மூன்றே எழுத்து, மடித்துக் கொடுத்துவிடலாம், டாக்டர் வயசு என்பார், மாத்திரை எழுதுவார், சுகுணா சாயங்காலம் வந்து பெரியப்பா டீ சாப்புடுறீங்களா என்பாள். உண்டு என்று எழுதினால் எப்போது, எப்படி. எப்படி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டே விரல் இடம் விட்டிருக்கிறார்கள், அதில் எதை எழுதுவது? இந்தத் தாள் கோப்புக்குள் போகும், கோப்பு சுகுணா கைக்குப் போகும், அவள் ஒரு எழுத்து விடாமல் படிப்பாள், அவள் அப்படித்தான். படித்துவிட்டு என்னை என்னவென்று கூப்பிடுவாள்? ஆனால் சொல்லாமல் விட்டு, டாக்டர் வேறெதோ நோய் என்று நினைத்து வேறெதோ மருந்தைக் கொடுத்து, தேசிங்கு நாளைக்கு என் முகத்தைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டால்? அப்போது யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? அடியை வாங்கியவனே மறந்துவிட்டால் அந்த அடி எங்கே போகும், அடித்தவனிடம் மட்டும்தானே இருக்கும். இதுதான் அருளப்பனின் உண்மையான பயம். சுகுணா திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். தேசிங்கு மறந்துபோவதற்குள் சொல்ல வேண்டும். ஏழாவது பெப், எட்டாவது லெனார்டு, ஒன்பதாவது மேவெதர், ஐம்பதுக்கு ஐம்பது, பத்தாவதுக்கு அந்த ஜப்பான்காரப் பையன் இனோவே. பெப்பை ஏழில் போட்டுவிட்டான், அப்படியானால் நான்கு தேசிங்குக்கு, ஜோ லூயிஸ், போகட்டும், எடுத்துக்கொள்ளட்டும். எழுபத்து நாலு.

டாக்டரம்மாவுக்கு சுகுணாவைவிடச் சின்ன வயசு. மேஜையில் பாதி குடித்த காபி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது, காலையிலிருந்து எழுபத்து மூன்று பேர், இருந்தும் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொன்னாள், அருளப்பனுக்கு அதுவே பெரிசாக இருந்தது. தேசிங்கை உட்கார வைத்து விரலை இப்படியும் அப்படியும் அசைத்தாள், கண் விரலோடு போயிற்று, பழைய பழக்கம், தலை அசையவில்லை.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கெழம."

"புதன்கிழமை ஐயா. ஞாயிறுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"தோ, இவன் வந்துகீறானே," என்று அருளப்பனைக் காட்டினான் தேசிங்கு. "இவன் வந்தா ஞாயித்துக்கெழமதாம்மா."

டாக்டரம்மா சிரித்தாள். அருளப்பன் கூரையைப் பார்த்தான். ஆட்டோ, வாழைப்பழம், சாவி, இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கோங்க, அப்புறம் கேப்பேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள், எடை மேடையில் ஆயுசு பூராவும் கழித்தவன் தொண்ணூற்று மூன்றில் நின்று விழித்தான். கடிகாரம் வரையச் சொன்னாள், வட்டத்துக்குள் ஒரே பக்கமாக எண்கள் குவிந்தன. மூணு சொல் என்ன ஐயா? தேசிங்கு யோசித்தான், மரியாதையாக யோசித்தான், பிறகு கூச்சத்தோடு சொன்னான், "நீங்க சொன்னீங்க. நாந்தான் எங்கியோ வெச்சிட்டேன்." அருளப்பனுக்கு அந்த இடத்தில் எழுந்து வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது, உள்ளே குடல் வரை அன்பு வந்து அடைத்தது, எதிராளி விலாவில் போட்டால் மூச்சு நிற்குமே அந்த மாதிரி. டாக்டரம்மா தாளைப் புரட்டினாள். பேனாவின் முனை ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து நின்றது.

"சார், இந்த ஏழாவதை விட்டுட்டீங்களே. தலையில அடி ஏதாவது?"

"அவன் பாக்ஸர்ம்மா."

"ஓ. அப்போ நிறைய அடி வாங்கியிருப்பார். மயங்கி விழுந்தது உண்டா?"

அருளப்பன் வாயைத் திறந்தான். தொண்டையில் இருந்த மூன்று சொல் அரை பவர்தான் மாஸ்டர் என்பதே, நாற்பது வருஷமாக அதே இடத்தில் தயாராக உட்கார்ந்திருக்கிறது, கேட்டவுடன் எழுந்து வரும். அதைப் பின்னால் தள்ளிவிட்டு வேறு சொல்லைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"ஒரு தரம்மா. மூணு நிமிஷம், நாலு நிமிஷம் இருக்கும். நாந்தான் அடிச்சேன். அவன் அம்பத்து நாலு கிலோ, நான் எம்பத்தொண்ணு. பயிற்சியில. அரை பவர் போடணும்னு சட்டம். நான் ஃபுல்லா போட்டுட்டேன். எனக்கு வேல வேணும்னு போட்டேன். போட்டுட்டு அரை பவர்னு பொய் சொல்லிட்டேன். மாஸ்டர்கிட்ட, இவன்கிட்ட, இவன் பொண்ணுகிட்ட, எல்லார்கிட்டயும். அப்பலேர்ந்து இன்னிக்கி வரைக்கும். அதனாலதான் இவனுக்கு இப்படி ஆச்சு, எழுதிக்கங்க."

டாக்டரம்மா உடனே எழுதவில்லை. மெதுவாகச் சொன்னாள், ஒரே ஒரு அடியாலதான்னு யாராலும் சொல்ல முடியாது சார், பல வருஷம் வாங்கின எல்லா அடியும் சேரும், வயசும் சேரும், சர்க்கரையும் சேரும், ஸ்கேன் பார்க்கணும், ஆனா நீங்க சொன்னது ரொம்ப உதவும். மூன்று அருள் நிறைந்த மரியே மாதிரியே இருந்தது அருளப்பனுக்கு. இவர்கள் எல்லாம் நல்லவர்கள், சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். அவன் தலையைத் தூக்காமல் இருந்தான். தூக்கினால் தேசிங்கின் முகம் இருக்கும்.

"டேய்," என்றான் தேசிங்கு.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எப்போது திரும்பினான் என்று தெரியவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். இன்றைய கிழமை தெரியாத, ஆட்டோவும் வாழைப்பழமும் சாவியும் தெரியாத அந்தக் கண்கள் நாற்பது வருஷத்துக்கு அப்பால் நேராக, கூர்மையாக எதையோ பார்த்தன.

"கிளப்புலயா? மூணாவது ரவுண்டு? அந்த ஆபீசரு ஒக்காந்துனு இருந்தாரே, அன்னிக்கா?"

"ஆமாண்டா."

"லெப்ட்டு?"

"லெஃப்ட்டுதான்."

"அது அரை பவரு இல்லியா?"

"இல்லடா. ஃபுல்லு. என்கிட்ட இருந்தது அவ்வளவும்." இப்போது அருளப்பன் அழுதுகொண்டுதான் இருந்தான், அதை மறைக்கிற யோசனையும் இல்லை. "நீ என்ன பதினொரு தரம் தொட்டுட்டடா. எனக்கு வேற வழி தெரியல. பயந்துட்டேன். உன்னக் கண்டு பயந்துட்டேன்."

அருளப்பன் அடிக்குக் காத்திருந்தான், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கையைத் தூக்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டு. ஆனால் தேசிங்கின் முகத்தில் எதுவோ மெல்ல அவிழ ஆரம்பித்தது. முதலில் நெற்றிச் சுருக்கம் போயிற்று, பிறகு வாய் ஒரு பக்கமாக ஏறியது, பல்லில்லாத இடம் தெரிந்தது. முதுகு நாற்காலியில் நிமிர்ந்து நின்றது, சுகுணாவின் கல்யாணத்தில் கூட இவன் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து அருளப்பன் பார்த்ததில்லை.

"எனக்கா? ஃபுல் பவரா?" என்றான். "எம்பத்தொரு கிலோகாரன், எனக்கு, ஃபுல் பவரா?" மேஜை மேல் தட்டினான், காபி ஏடு ஆடியது. "பாத்தியாம்மா? ஊர்ல எல்லாம் இன்னா பேரு வெச்சானுங்கோ எனக்கு. அரை பவருக்கு வுழுந்தவன்னு. நானும் அப்பிடியேதான் நெனச்சினு இருந்தேன். வூட்ல சொல்லல, யார்கிட்டயும் சொல்லல, எனக்கே அசிங்கம்மா. ஃபுல்லா போட்டுகீறான்! எழுதிக்கம்மா. எம்பத்தொரு கிலோ, ஃபுல் பவர், நல்லா எழுதிக்கோ."

டாக்டரம்மா எழுதினாள். கேட்டதைக் கேட்டபடியே, எண்பத்தொரு கிலோ என்று எழுதி, முழு வேகத்துடன் என்று எழுதி, தாளைத் திருப்பித் தேசிங்கிடம் காட்டினாள். அவன் ஒரு எழுத்தையும் விடாமல் விரல் வைத்துப் பார்த்துத் தலையாட்டினான். ஸ்கேன் சீட்டையும் கோப்பையும் வாங்கிக்கொண்டு அருளப்பன் கும்பிட்டான். இந்தக் கோப்பை இன்று சாயங்காலம் சுகுணா படிப்பாள். படிக்கும்போது எதிரில் தானும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான், திட்டினால் திட்டட்டும், ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, தனியாகத்தான் போக வேண்டும்.

ஸ்கேன் எடுக்கிற கட்டடத்துக்கு மரத்தடியில் நடந்து போக வேண்டியிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது, இளநீர்க்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பாதி வழியில் தேசிங்கு நின்றான். அருளப்பனின் முகத்தை அண்ணாந்து பார்த்தான், கவலையோடு பார்த்தான்.

"இன்னாடா, கண்ணெல்லாம் செவந்து கீது? அழுதியா? யார்னா எதுனா சொன்னாங்களா உன்ன?"

போய்விட்டது. அதற்குள் போய்விட்டது, டாக்டர் அறையும், அந்த நிமிர்ந்த முதுகும், எல்லாம். அருளப்பன் பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் அவனை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து, கோப்பை ஓரமாக வைத்தான். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா," என்றான். கிளப்பிலிருந்து ஆரம்பித்தான். தகரக் கூரை, மணல் மூட்டை, பெஞ்சில் அதிகாரி, இரண்டு நாள் பட்டினி, பதினொரு அடி. எதையும் விடவில்லை, இந்தத் தரம் தன் அப்பாவின் இருமலையும் சேர்த்துச் சொன்னான். இடது கை கிளம்பிய இடத்துக்கு வந்ததும் தேசிங்கின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான், அது அரை பவர் இல்லை என்று.

"எனக்கா?" என்றான் தேசிங்கு, பெஞ்சில் மெல்ல நிமிர்ந்து. "எனக்கா அருளு, ஃபுல் பவரா?"

ஆமாண்டா, என்றான் அருளப்பன். உனக்குத்தான்.